மாத்தூரில் கங்காதரன்

தண்ணீர் ஆகாயத்தில் நடந்து போவதைக் கண்ணாரக் கண்டேன். கனவில்லை, யாரோ அனுப்பிய வீடியோவும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாற்றுக்குப் பக்கம், மாத்தூரில், நல்ல காலை வெயிலில், நூறடிக்கும் மேலான உயரத்தில், ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்கு அது போய்க்கொண்டிருந்தது. மோட்டார் இல்லை, பம்பு இல்லை, தள்ளுகிற கை இல்லை. அதற்குக் கீழே பறளியாறு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு நீர், கீழே ஒரு நீர். ஒன்றை ஒன்று தொடவில்லை. நடுவே நூறடி காற்று. என்னையறியாமல் கை இரண்டும் தலைக்கு மேலே போய்விட்டன. செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த வயதில் நானும் சிரித்திருப்பேன்.

பாலத்தைக் கும்பிடுகிற இந்த ஆள் யார் என்று கேட்பீர்கள். என் பிழைப்பு இரும்பு. ஊர், வடசென்னையில் சாத்தாங்காடு. பாரிமுனைப் பக்கத்து நெரிசலிலிருந்து இரும்பு வியாபாரத்தைப் பெயர்த்து சிஎம்டிஏ கொண்டுவந்து வைத்த மார்க்கெட் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. கம்பி, ஆங்கிள், சேனல், பிளேட் என்று பொழுது விடிந்தால் எடை, பொழுது சாய்ந்தால் பில். எதைப் பார்த்தாலும் இது எத்தனை டன் தேறும் என்று மனசு தானாகக் கணக்குப் போடும். கல்யாண வீட்டில் பந்தல் கால்களைப் பார்த்தாலும் அப்படித்தான். பக்தி எழுத வருகிறவனுக்கு இந்தப் புத்தி எதற்கு என்று தோன்றலாம். ஆனால் மாத்தூரில் எனக்குத் தரிசனம் கிடைத்ததே இந்தப் புத்தி வழியாகத்தான். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தாய் வடிவுடையம்மன். திருவொற்றியூரில் தியாகராஜப் பெருமானுக்குப் பக்கத்தில் ஞான சக்தியாக நிற்கிறாள். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் மேலூர் திருவுடையம்மனையும், எங்கள் வடிவுடையாளையும், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் ஒரே நாளில் தரிசிக்க ஊரே புறப்படும். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்றுவடிவம். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறப்பார்கள். புனுகும் சாம்பிராணித் தைலமும் மணக்கிற அந்த மூன்று நாளுக்காக மற்ற நாட்களைத் தள்ளுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

தேரடியிலிருந்து மேற்கே சாத்தாங்காட்டுக்கு வருகிற வழியில் ஒரு நீரைத் தாண்ட வேண்டும். பக்கிங்காம் கால்வாய். கோயிலில் அபிஷேக நீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வருகிறவன், அடுத்த சில நிமிஷத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடக்கிறான். இந்த இரண்டு நீரையும் ஒரே நாளில், ஒரே உடம்போடு கடந்து வாழ்கிறவர்கள் நாங்கள்.

கால்வாயின் கதை சின்னதல்ல. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியதுதான் தொடக்கம். அப்போது அவர் பெயரில் காக்ரேன் கால்வாய். பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டு வடக்கும் தெற்கும் நீட்டியது. தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 78 வரை, சோறில்லாமல் சென்னைக்கு வந்து விழுந்த ஜனங்களுக்குப் பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டக் கொடுத்தார்கள். அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. கூலிக்கு வெட்டிய எலும்பும் தோலுமான கைகளின் பெயர் எங்கேயும் இல்லை. கடைசியில் ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து நம் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். விறகும் உப்பும் நெல்லும் படகில் வந்த தண்ணீர் இது.

இந்தக் கால்வாய் கடல் மட்டத்திலேயே வெட்டப்பட்டது. கடலுக்குப் பக்கத்திலேயே, கடலோடு சேர்ந்தே போவது. கடல் ஏறினால் ஏறும், வடிந்தால் வடியும். ஆங்காங்கே லாக் கதவுகள் வைத்து மட்டத்தைப் பிடித்திருந்தார்கள். படகுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எதிர்நீச்சல் இல்லாமல் இரண்டு பக்கமும் போகலாம். ஆனால் இறங்கி ஓட ஒரு திசை அதற்குக் கிடையாது. படகு போன பிறகு, கதவுகள் போன பிறகு, ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் அதில் இறங்கின. திசையில்லாத நீர் எங்கே கொண்டுபோய் அவற்றைக் கொட்டும்? வைத்துக்கொண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை கறுப்பாகப் படர்ந்தது. மீனவர்கள் படகில் போய்க் கையாலும் வாளியாலும் வாரினார்கள். எங்கள் திருவொற்றியூர் கலிய நாயனார் பிறந்த ஊர். எண்ணெய் வாணிபம் செய்து, அந்த எண்ணெயைக் கோயில் விளக்குக்கே ஊற்றி, வாங்கக் காசில்லாத நாளில் தன் கழுத்தை அரிந்து ரத்தத்தால் அகலை நிரப்பத் துணிந்தவர். அவர் தேடி அலைந்த எண்ணெய், கேட்பாரில்லாமல் அவர் ஊர்த் தண்ணீரில் மிதந்தது. அன்று சந்நிதியில் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. தாயே, தண்ணீர் தண்ணீராக ஓடுவதை ஒரு தடவை கண்ணில் காட்டு என்று மட்டும் கேட்டேன்.

அவள் காட்டுகிற விதமே தனி. எங்கள் மார்க்கெட்டில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர், அருவிக்கரைப் பக்கத்துக்காரர். தங்கை கல்யாணம், "அண்ணே, நீங்க வரல்லன்னா மனசுக்கு ஒக்காது" என்றார். அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறிக் குழித்துறையில் இறங்கினேன். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஆதிகேசவப் பெருமாளைச் சேவிச்சிட்டு, அப்படியே தொட்டிப்பாலமும் பாத்திட்டு வருவம்" என்றார். பெருமாள் என்றதும் கொஞ்சம் தயங்கினேன். நெற்றி நிறைய நீறு பூசுகிற குடும்பம். ஆனால் கூப்பிட்டது தம்பி இல்லை என்பது அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது.

திருவட்டாறு, மலைநாட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. நம்மாழ்வார் பாடிய தலம். வங்கத்து சைதன்யர் தென்னாட்டு யாத்திரையில் வந்து, பிரம்ம சம்ஹிதைச் சுவடியைக் கண்டெடுத்ததும் இங்கேதான். 418 ஆண்டுகள் கழித்து 2022 ஜூலை 6 அன்று இங்கே கும்பாபிஷேகம் நடந்தது. நானூறு வருஷம் காத்திருந்த கோயிலுக்குள் நுழையும்போது நம் அவசரமெல்லாம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். கல்தூண்கள், கல்தரை, எண்ணெய் விளக்கின் மங்கல். கருவறைக்கு மூன்று வாசல். முதல் வாசலில் திருமுகம், நடு வாசலில் திருமேனி, மூன்றாவதில் திருவடி. 22 அடிப் பெருமாளை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. கண் நடந்தால்தான் முழுத் தரிசனம். 16,008 சாளக்கிராமங்களைச் சேர்த்துக் கடுசர்க்கரைக் கலவையில் வடித்த திருமேனி என்றார் தம்பி. எடை எவ்வளவு இருக்கும் என்று மனசு ஆரம்பித்தது. சும்மா இரு என்று அதட்டி அடக்கினேன்.

தலபுராணத்தை ஒரு பாட்டி பிராகாரத்தில் உட்கார்ந்து பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கேசி என்ற அசுரனை அடக்கி அவன் மேலே பெருமாள் பள்ளிகொண்டார். கேசியின் மனைவி கங்கையை வேண்டினாள். கங்கையும் தாமிரபரணியும் கோபம் கொண்ட வெள்ளமாகப் பாய்ந்து வந்தன, பெருமாளையே அடித்துப்போக. பூமாதேவி பார்த்தாள். அவர் படுத்திருந்த நிலத்தை மெல்ல மேலே தூக்கினாள். அவ்வளவுதான். வந்த வெள்ளம் ஏற முடியாமல் இரண்டு பக்கமும் திரும்பிச் சுற்றிவந்து, அவருக்கே மாலையாகிவிட்டது. அந்த ஆறுகள்தான் இன்று கோதையாறும் பறளியாறும்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெள்ளத்தை யாரும் அடிக்கவில்லை, தடுக்கவில்லை. நிலத்தின் மட்டத்தைக் கொஞ்சம் மாற்றினாள் தாய், நீர் தானாகத் திரும்பியது! பொதுப்பணித்துறை இஞ்சினியர் லெவல் கருவி வைத்துச் செய்வதும் இதைத்தானே. மறுபடி எழுந்து மூன்றாம் வாசலுக்கு ஓடினேன். இந்தத் திருவடியல்லவா அன்று உலகளந்தது, இதைப் பிரமன் கழுவிய நீரல்லவா கங்கை என்று நினைக்க நினைக்கக் கண் நிறைந்துவிட்டது. அர்ச்சகர் துளசி கொடுத்தார். பையில் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். ரப்பர் மரங்களுக்கு நடுவே சாலை வளைந்து ஏறுகிறது. தம்பி வண்டியை நிறுத்திவிட்டு, "வாருங்க, நடந்து போவம்" என்றார். தொட்டியை ஒட்டிய ஒடுக்கமான நடைவழி. பத்தடி வைத்திருப்பேன். நிலம் கீழே விழுந்துவிட்டது. தென்னை உச்சிகள் காலுக்குக் கீழே. பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற தொட்டியில், தண்ணீர். "இது சானல் வெள்ளம் அண்ணே. கீழ போறது ஆத்து வெள்ளம்" என்று தம்பி சாதாரணமாகச் சொன்னார். வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர். பிறந்ததிலிருந்து பார்க்கிறவருக்குச் சாதாரணம்.

விஷயம் இதுதான். கோதையாறு பாசனத் திட்டத்தின் பட்டணங்கால்வாய் ஒரு குன்றின் சரிவை ஒட்டி வருகிறது. போக வேண்டிய வயல்கள் அக்கரையில். நடுவே பறளியாறு ஓடும் ஆழமான பள்ளத்தாக்கு. கால்வாய் நீருக்கு இறங்கத் தெரியும், ஏறத் தெரியாது. பள்ளத்தில் ஒருமுறை விட்டுவிட்டால் ஆற்றோடு கலந்து கடலுக்குப் போய்விடும். உயரத்தை இழந்த நீரை மறுபடி மேலே ஏற்றுவதற்கு எத்தனை பணம் வேண்டும்! அதனால் உயரத்தை விடாமல், நேராக, காற்றின் வழியாகவே அக்கரை சேர்த்துவிட்டார்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் உருவான திட்டம், 1966-ல் நீர் போனது. செலவு அன்றைக்குச் சுமார் 13 லட்சம் ரூபாய். 1956 நவம்பர் 1 அன்றுதான் கன்னியாகுமரிச் சீமை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சேர்ந்த பத்தே வருஷத்தில் இந்தத் தண்ணீர். விளவங்கோடு, கல்குளம் தாலுக்காக்களின் வறண்ட மேட்டுக்கு அது போய்ச் சேர்ந்தது. திருவிதாங்கூர் மன்னர் காலத்தில், மின்ச்சின் என்ற இஞ்சினியர் கட்டி 1906-ல் நிறைவேறிய பேச்சிப்பாறை அணையிலிருந்து தொடங்குகிற நீர்க்கதையில் இது ஒரு சர்க்கம்.

நீளம் 1,200 அடிக்கு மேல். தாங்குவது 28 தூண்கள். தொட்டியின் உள்ளளவு ஏழடி உயரம், ஏழரை அடி அகலம் என்றார் தம்பி. அவ்வளவுதான், என் மனசை அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கணக்குப் போட்டேன்.

ஏழும் ஏழரையும் பெருக்கினால் ஐம்பத்திரண்டரை சதுர அடி. விளிம்பு தட்ட நீர் ஓடினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ ஐந்து டன். தூணுக்கும் தூணுக்கும் இடையே நாற்பதடி போல வரும். அப்படியானால் இரண்டு தூணுக்கு நடுவில் அறுபது டன் தண்ணீர் தொங்குகிறது. பாலம் முழுவதற்கும் 1,700 டன்னுக்கு மேல். எங்கள் மார்க்கெட்டில் பத்துச் சக்கர லாரிகள் நூறு சுமந்துபோகும் சரக்கு, ஒன்றாக வானத்தில் நின்றால் எவ்வளவோ அவ்வளவு. இது தண்ணீர் மட்டும். தொட்டியின் சொந்த எடை தனி. அதுவும் நிற்கிற பாரமில்லை, ஓடுகிற பாரம். பக்கச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே ஓடுகிற பாரம்.

இரும்புக்காரனுக்கு அதற்குள் இருப்பது தெரியும். இந்த மாதிரித் தொட்டியில் இரண்டு பக்கச் சுவர்களும் வெறும் சுவரல்ல. தூணிலிருந்து தூணுக்குப் போகிற உத்திரமே அவைதான். அடித்தட்டு அவற்றில் தொங்குகிறது. வளைகிற பாரத்தில் அடிப்பக்கம் இழுபடும், மேற்பக்கம் நெருங்கும். நெருக்கத்தைக் கான்கிரீட் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதற்குத்தான் கம்பி. கண்ணுக்குத் தெரியாமல், யாரும் புகழாமல், உள்ளே இருட்டில் கிடந்துகொண்டு அத்தனை இழுப்பையும் அது வாங்கிக்கொள்கிறது. வெயிலில் நீள்வதற்கும் குளிரில் சுருங்குவதற்கும் இணைப்புகளில் இடம் விட்டிருப்பார்கள். அந்த இணைப்பில் கசிந்தால் ஆபத்து. ஈரம் கம்பியைத் தொட்டால் துரு, துரு ஊதினால் கான்கிரீட் வெடிக்கும். உப்புக்காற்றில் வருஷம் முழுக்கத் துருவோடு மல்லுக்கட்டுகிறவன் நான். அறுபது வருஷம் போலத் தண்ணீரைச் சுமந்தே நிற்கிற கட்டடம் என்றால் அதன் பெருமை எனக்குப் புரியும்.

சரிவு எவ்வளவு என்று தரையில் கண் வைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிகிற சரிவு வேண்டியதில்லை நீருக்கு. ரோமானியர்கள் கி.பி. முதல் நூற்றாண்டில் பிரான்சில் கட்டிய பான் து கார் என்ற மூன்றடுக்கு நீர்ப்பாலத்தில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இரண்டரை சென்டிமீட்டர்தான் இறக்கம். ஒரு கட்டைவிரல் அகலம். அது போதும், நீர் போய்விடும். மறுமுனை நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்துவிட்டால், என்ன செய்தாலும் நின்றுவிடும்.

அங்கேதான் அது நடந்தது.

காலையில் பார்த்த திருவடியிலிருந்து கங்கை புறப்பட்டாள். அவளைத் தாங்கியது எங்கள் அப்பனின் தலை. பகீரதன் தவம் இருந்து இறக்கியபோது, அவள் வேகத்துக்குப் பூமி பிளந்துவிடும் என்று சடையை விரித்து ஏந்தினான், வேகத்தை முடிச்சு முடிச்சாக அடக்கினான், மெல்ல ஒரு தாரையாக விட்டான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஆனால் இத்தனை வருஷம் இதில் ஒன்றை நான் பார்த்ததே இல்லை. மேலே இருந்தது ஒரு பாதம். கீழே இருந்தது ஒரு தலை. தலை கீழே இருந்ததால்தான் நீர் வந்தது! சர்வேசுவரன், மூவர்க்கும் முதல்வன் என்று நாம் கொண்டாடுகிறவன், இன்னொருவர் திருவடிக்குக் கீழே தன் தலையை வைத்தான், உலகத்துக்குத் தண்ணீர் வர வேண்டும் என்பதற்காக. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். சைவனாகப் பிறந்ததற்கு அந்த நிமிஷம் பெருமைப்பட்டதுபோல் என்றும் பெருமைப்பட்டதில்லை.

இருபத்தெட்டுத் தூண்கள் இல்லை அவை. இருபத்தெட்டு கங்காதரர்கள். ஒவ்வொருவர் தலையிலும் அறுபது டன் கங்கை. ஒவ்வொருவரும் முன் நிற்பவரைவிட ஒரு நூலளவு தாழ்ந்து நிற்கிறார்கள். அப்பா, அப்பா என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெயிலில் தொட்டி நீர் பளபளத்தது, அது சடைக்குள் ஒளிந்து எட்டிப்பார்க்கிறவள் சிரித்த சிரிப்பு. காற்று அடித்தது, பாலம் ஆடியதோ நான் ஆடினேனோ. தியாகராஜா, ஒற்றியூரில் ஆடுகிறவனே, இங்கே ஆடாமல் நிற்கிறாயே, நீ ஆடினால் அக்கரை வயல் காய்ந்துபோகும் என்றா நிற்கிறாய்? பிட்டுக்காக மதுரையில் மண் சுமந்தவனே, வைகைக் கரை அடைக்கக் கூடை தூக்கிய தலையல்லவா இது! அறுபதுகளில் கான்கிரீட் தலைச்சுமையாகத்தான் மேலே ஏறும். பாண்டு பாண்டாகச் சுமந்த சித்தாள் பெண்களின் தலையெல்லாம் யார் தலை? எனக்கு நாக்கு எழவில்லை. அந்தத் தொட்டிச் சுவரில், சூடான கான்கிரீட்டில், நெற்றியை வைத்து அப்படியே நின்றுவிட்டேன். திருநீறு அதில் ஒட்டியிருக்கும். தம்பி பயந்துபோய், "அண்ணே, தலை சுத்துதா?" என்று தோளைப் பிடித்தார். இல்லையப்பா, முதல் தடவையாகச் சுற்றாமல் நிற்கிறது என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது.

நினைவு திரும்பி, படிக்கட்டு வழியாக ஆற்றங்கரைக்கு இறங்கி, பாறையில் உட்கார்ந்து மேலே பார்த்தோம். கீழிருந்து பார்க்கும்போது தண்ணீரே தெரிவதில்லை, தாங்குகிறவர்கள் மட்டும் தெரிகிறார்கள். அதுவும் ஒரு தரிசனம்தான்.

இஞ்சினியர்களுக்கும் சாமிக்கும் ஆகாது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு நிஜக்கதை சொல்கிறேன். கங்கைக் கால்வாயை வெட்டிய புரோபி காட்லி என்ற ஆங்கிலேயர் ஹரித்வாரில் அணை கட்டப் போனபோது, கங்கையைச் சிறை வைக்காதே என்று பண்டாக்கள் என்ற தீர்த்தப் புரோகிதர்கள் எதிர்த்தார்கள். அவர் அணையில் ஓர் இடைவெளி விட்டு, கங்கை தடையில்லாமல் ஓட வழி செய்தார். படித்துறைகளைச் செப்பனிட்டுக் கொடுத்தார். பிள்ளையார் பூஜை போட்டே அணையைத் தொடங்கி வைத்தார். அந்தக் கால்வாய் ரூர்க்கி அருகே சோலானி ஆற்றைக் கடக்க, ஐம்பதடி அகல வளைவுகள் பதினைந்து கொண்ட நீர்ப்பாலம். காவலுக்குக் கல்சிங்கங்கள். 1854 ஏப்ரல் 8 அன்று நீர் விட்டார்கள். அதே 1850களில் கோதாவரி டெல்டாவில், ஆர்தர் காட்டனின் திட்டத்தில், கன்னவரத்தில் 49 வளைவுகளோடு ஒரு நீர்ப்பாலம் எழுந்தது. காட்டனுக்குக் கோதாவரிக்கரை ஜனங்கள் இன்றும் மாலை போடுகிறார்கள். மாத்தூர் அவற்றைவிட ஒல்லி, அவற்றைவிட உயரம். செங்கல் வளைவின் கம்பீரம் இதற்குக் கிடையாது. எனக்கு இதுதான் பிடிக்கிறது. நோன்பிருக்கிறவன் தேகம் மாதிரி, தேவைக்கு மேல் ஒரு கைப்பிடிகூடச் சதை இல்லை.

கிளம்புமுன் மறுபடி மேலே வந்தோம். சட்டைப் பையிலிருந்த துளசியை எடுத்தேன். பெருமாள் திருவடித் துளசியை இந்தக் கங்கையில் விடாமல் வேறு எங்கே விடுவது? தம்பி கையைப் பிடித்துக்கொண்டார். "போடாதீங்க அண்ணே. இந்த வெள்ளந்தான் அந்தப் பக்கம் எல்லாருக்கும் போகுது. ஒருத்தர் துளசி போட்டா அடுத்தவர் மாலை போடுவார், அதுக்கடுத்தவர் கவரோட போடுவார். மடையில போய் அடைச்சிக்கும்." சந்நிதியில் யாரும் இதைவிடப் பெரிய உபதேசம் எனக்குச் செய்ததில்லை. துளசியை வாயில் போட்டு மென்றுகொண்டேன். கார்ப்பும் மணமும் மார்த்தாண்டம் வரை கூடவே வந்தன.

ஊர் திரும்பியதும் வடிவுடையாளிடம் போய்ச் சொன்னேன். அவள் என்றைக்கும் போலத்தான் நின்றாள். அங்கிருந்து சாத்தாங்காடு போகும்போது கால்வாயைக் கடக்கையில் மூக்கைப் பொத்தவில்லை. பொத்தக்கூடாது என்று விரதமெல்லாம் இல்லை, கை எழவில்லை. அதுவும் தண்ணீர்தான். அதைத் தாங்கத் தலை கொடுக்க ஆள் இல்லாமல் கிடக்கிறது.

போக நினைக்கிற அன்பர்களுக்கு: கோதையாறு பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் தொடக்கம் முதல் பிப்ரவரி முடிவு வரை அணைகளைத் திறந்துவைப்பார்கள். மற்ற மாதங்களில் போனால் வெறுந்தொட்டியைத்தான் பார்ப்பீர்கள். குழித்துறை ரயில் நிலையம் அருகில். மார்த்தாண்டத்திலிருந்து திருவட்டாற்றுக்குப் பஸ் உண்டு. நடுப்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். அதனால் காலையிலேயே பெருமாளைச் சேவித்துவிட்டுப் பாலத்துக்கு வாருங்கள். நடைவழி ஒடுக்கம், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கும்பிடத் தோன்றினால் வெட்கப்படாமல் கும்பிடுங்கள். ஆனால் அந்தத் தொட்டிக்குள் பூவோ, துளசியோ, காசோ, பாட்டிலோ எதையும் போடாதீர்கள். அக்கரையில் அந்தத் தண்ணீரை நம்பி வயல் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.